லெ மான் நோக்கி ஒரு மோட்டார் யாத்திரை

வண்டில் கட்டித் திருவிழாவுக்குப் போன காலத்தைப் பற்றி நம் பாட்டிமாரிடம் கேட்டுப் பாருங்கள். கோயிலிற் கண்ட காட்சியை அவர்கள் நாலு வார்த்தையிற் சொல்லி முடித்துவிடுவர். வழிப்பயணத்தைச் சொல்லத் தொடங்கினாலோ பொழுது போதாது. முன்வண்டியின் சலங்கை ஒலி, நிலவொளியில் அவிழ்த்த கட்டுச்சோறு, அச்சு முறிந்த ஒரு வண்டிலுக்காக மற்றெல்லா வண்டில்களும் தெருவோரத்திற் காத்துநின்ற கதை ஆகியனவே அவர்கள் நெஞ்சில் நிலைத்தவை. கூடிப் புறப்பட்டவர்கள் கூடியே போய்ச் சேர்ந்தார்கள். கூடியே வீடு திரும்பினார்கள்.

அவ்வகையான யாத்திரையொன்று ஆண்டுதோறும் இங்கிலாந்திலிருந்து புறப்படுகின்றது. அங்கே மாடுகளுக்குப் பதிலாக இயந்திரங்கள். கோயில் வீதிக்குப் பதிலாகப் பிரான்சு தேசத்தின் லெ மான் நகரத்து மோட்டார்ப் பந்தயத் திடல். வழக்கமாக யூன் மாத நடுவில், சனிக்கிழமை பிற்பகல் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்வரை இருபத்துநான்கு மணித்தியாலம் இடைவிடாது நடைபெறும் ஓட்டத்தைக் காண்பதற்காக, மோட்டார்க் கழகங்கள் பல தத்தம் வண்டிகளிலேயே கடல் கடந்து செல்கின்றன. உலகின் மிக வேகமான வண்டிகளைக் காணச் செல்லும் இவர்கள், வழியில் வேகத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ளும் ஆவலுடன், அத்தகைய யாத்திரையொன்றை நாமும் மனக்கண்ணாற் பின்தொடர்வோமாக.

புறப்படுமுன்

ஒரே வகை வண்டியை விரும்புவோர் ஒன்றுகூடிக் கழகம் அமைப்பது பிரித்தானியாவில் நீண்டகால வழக்கம். அஸ்ரன் மார்ட்டின் உரிமையாளர் கழகம் 1935ஆம் ஆண்டிலும், பென்ட்லிச் சாரதிகள் கழகம் 1936ஆம் ஆண்டிலும் தோன்றியவை. இவற்றைவிடச் சிறிய கழகங்கள் எண்ணிறந்தன. அவற்றின் அங்கத்தவர் எல்லாரும் செல்வர் என்று எண்ணிவிடலாகாது. பழைய வண்டியொன்றை வாங்கி, வாரவிடுமுறை தோறும் தம் கையாலேயே கழற்றிப் பூட்டி, மனைவியின் முணுமுணுப்பையும் பொறுத்துக்கொண்டு அதற்கு உயிர்கொடுத்தவர்களும் அவர்களுள் உளர்.

யாத்திரைக்குப் பல வாரங்களுக்கு முன்னரே வேலை தொடங்கிவிடும். ரயர்களின் தேய்மானம், பிரேக் எண்ணெயின் அளவு, இயந்திரத்தைக் குளிரச்செய்யும் நீர் செல்லும் குழாய்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிப்பர். கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதிப் பத்திரம் ஆகியவை ஓர் உறையில் இடம்பெறும். வண்டி பழுதுற்று நின்றால் பின்னே வருவோரை எச்சரிப்பதற்கான முக்கோணப் பலகையும், ஒளியைத் திருப்பிக் காட்டும் மேலங்கியும் பிரெஞ்சுச் சட்டப்படி வண்டியில் இருத்தல் வேண்டும்.

இன்னுமொரு சிறிய காரியமும் உண்டு. மாணவர்கள் இதைக் கவனித்தல் நன்று. வீதியின் இடப்புறமாகச் செல்லும் நாடுகளில், நம் நாட்டிற்போலவே, முன்விளக்கைத் தாழ்த்தும்போது அதன் ஒளி இடது ஓரத்தை நோக்கிச் சற்றே உயர்ந்து விழுமாறு அமைத்திருப்பர். நடந்து செல்வோரும் வழிகாட்டிப் பலகைகளும் தெளிவாகத் தெரிதற்பொருட்டே அவ்வாறு செய்வர். அதே வண்டி, வலப்புறமாகச் செல்லும் பிரான்சிற்குள் நுழையுமானால், அவ்வொளி எதிரே வருபவர் கண்களில் நேரே பாயும். இதைத் தவிர்ப்பதற்கு விளக்குக் கண்ணாடியின் குறித்த இடத்தில் ஒரு சிறு ஒட்டுத்துண்டை ஒட்டுவர். தன் வழி தனக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, எதிரே வருபவனுக்கும் அவன் வழி தெரிதல் வேண்டும் என்பதே அவ்வொட்டுத்துண்டின் பொருள்.

கடலைக் கடந்து

கடல் கடக்க வழிகள் பல. போட்ஸ்மத் துறைமுகத்திற் கப்பலேறினால் ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்தில் நோர்மண்டிக் கரையை அடையலாம். போக்ஸ்ரன் நகரிலிருந்து, 1994ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கடலடிச் சுரங்கத்தினூடாகச் செல்வதாயின், வண்டியோடு புகையிரதத்தில் ஏறிக்கொள்ளல் வேண்டும். முப்பத்தைந்து நிமிடத்தில் மறுகரை வந்துவிடும். அங்கே கலேயிலிருந்து லெ மானுக்கு நானூறு கிலோமீற்றரளவு தூரம் உண்டு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் தூரமென வைத்துக்கொள்ளுங்கள்.

மறுகரையில் வண்டி இறங்கியதும் உலகமே கண்ணாடியிற் கண்ட உருவம்போல இடம் வலமாக மாறிவிடுகின்றது. வலப்புறமாகச் செல்லல் வேண்டும். சுற்றுவட்டத்தையும் எதிர்த்திசையிற் சுற்றல் வேண்டும். பெருவீதியிற் சுங்கம் வாங்கும் சாவடியோ இடப்பக்கத்தில் இருக்கும். ஆங்கில வண்டியின் சாரதி அமர்ந்திருப்பதோ வலப்பக்கத்தில். தனியே வந்தவர் ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி ஓடிப் பணங்கட்ட வேண்டியதுதான். முன்னே செல்லும் லொறியை முந்துவது இதனிலும் கடினம். வலப்பக்கத்தில் இருப்பவருக்கு லொறிக்கு அப்பால் வருவது தெரியாது. ஆதலால், இடது ஆசனத்தில் இருக்கும் இல்லாளே அவருக்குக் கண்ணாகின்றார். “இப்பொழுது வேண்டாம், எதிரே வண்டி வருகின்றது” என்றால் பொறுப்பதும், “இனிப் போகலாம்” என்றாற் போவதும் அவர் கடன். வீட்டில் மனைவி சொற் கேளாத கணவரும் இந்த நானூறு கிலோமீற்றரும் கேட்டே தீர்வர் என்று கழகத்தார் நகைப்பதுண்டு.

பின்வரும் வண்டிக்கு நீரே பொறுப்பு

பத்து வண்டிகள் கூடிச் செல்லும்பொழுது முதலில் வகுக்கும் விதி ஒன்றுண்டு. முன்னே செல்பவரைத் துரத்தற்க. பின்னே வருபவரைக் கண்பார்வையினின்றும் விடற்க என்பதே அது. சந்தியொன்றிற் திரும்புவோர், பின்வண்டி தம்மைக் கண்டுகொண்டதா என்று பார்த்த பின்னரே திரும்புவர். அவ்வண்டி காணப்படாவிட்டால் ஓரத்தில் நின்றுவிடுவர். ஒருவர் நின்றால், அவருக்கு முன்னே செல்பவரும் தம் பின்னால் எவரும் வாராமை கண்டு நிற்பார். இவ்வாறு செய்தி ஒரு சொல்லும் இல்லாமலே முதல் வண்டிவரை போய்ச் சேர்ந்துவிடுகின்றது.

வண்டிகளை நிரைப்படுத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. மிக மெதுவான வண்டியை முன்னவருக்கு அடுத்ததாக விடுவர். கருவிப்பெட்டியும் கைத்தேர்ச்சியும் உடையவர் கடைசியில் வருவார். மெதுவான வண்டி கடைசியில் வந்தால் என்ன என்று கேட்கலாம். முதல் வண்டி ஒரு வளைவிற் சிறிதே தயங்கினால், இரண்டாவது வண்டி அதனினும் சற்று மிகுதியாகத் தயங்கும். மூன்றாவது இன்னும் மிகுதியாகத் தயங்கும். பத்தாவது வண்டி ஏறக்குறைய நின்றே விடும். பின்னர் விட்ட இடைவெளியைப் பிடிப்பதற்கு அது எல்லாரினும் வேகமாக ஓட நேரும். வேகமே இல்லாத வண்டிக்கு மிகையான வேகத்தை விதித்தால் விளைவது விபத்தேயன்றோ! ஆகவே, அக்கூட்டத்தின் வேகத்தை நிருணயிப்பவர் வலியவர் அல்லர், மெலியவரே.

பிரெஞ்சுப் பொலிசாரும் இவர்கள் வரவை எதிர்பார்த்தே இருப்பர். பெருவீதியில் மணிக்கு 130 கிலோமீற்றர், மழை பெய்தால் 110 என்பது அந்நாட்டு எல்லை. எல்லையை நாற்பது கிலோமீற்றருக்கு மேல் மீறியவரின் அனுமதிப்பத்திரத்தை அவ்விடத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. பந்தயம் காணப் புறப்பட்டவர் தெருவோரத்திற் பத்திரமிழந்து நிற்பதைக் காட்டிலும் வெட்கம் வேறில்லை.

வீதிவழி வந்த வீரர்கள்

இந்த வீதிவழிப் பயணத்திற்குப் பழைமையான பெருமையொன்று உண்டு. பந்தய வண்டிகளை லொறிகளில் ஏற்றிவரும் வழக்கம் நிலைபெறுமுன், அவற்றைத் தெருவழியே ஓட்டிவந்தோர் பலர். 1923ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம், 27ஆம் திகதிகளில் லெ மானில் முதற் பந்தயம் நடந்தபொழுது, யோன் டவ், பிராங்க் கிளெமென்ற் என்னும் இருவர் பென்ட்லி வண்டியொன்றில் அவ்வாறே வந்து சேர்ந்தனர். அவ்வண்டிக்கு முன்சக்கரங்களிற் பிரேக் இல்லை. அக்காலத்துப் பாதையோ கல்லும் புழுதியும் நிறைந்தது. போதாக்குறைக்கு மழையும் பெய்தது.

தெறித்த கல்லொன்று முன்விளக்கை உடைத்தது. பின்னர் இன்னொரு கல் எண்ணெய்த் தாங்கியைத் துளைக்கவே, பெற்றோல் ஒழுகி வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. டவ் தம் வண்டியை விட்டிறங்கி, பல கிலோமீற்றர் தூரம் ஓடிச் செப்பனிடும் நிலையத்தை அடைந்தார். உடனே கிளெமென்ற் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, பெற்றோற் கலங்களைச் சுமந்துகொண்டு, பாய்ந்து வரும் பந்தய வண்டிகளுக்கு எதிரே மிதித்துச் சென்றார். துளையை அடைத்து, எண்ணெய் வார்த்து, வண்டியை மீண்டும் ஓட்டினார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இழந்தும் அவர்கள் நாலாம் இடத்தைப் பிறரோடு பகிர்ந்துகொண்டனர். அடுத்த ஆண்டு, 1924இல், அதே இருவரும் அப்பந்தயத்தில் வெற்றியீட்டினர். அம்முறை விளக்குகளையும் எண்ணெய்த் தாங்கியையும் கல்லடியினின்று காக்கும் ஏற்பாடுகளோடும் முன்சக்கரப் பிரேக்குகளோடும் அவர்கள் வந்திருந்தனர். முதலாண்டின் தோல்வியே இரண்டாமாண்டின் ஆசிரியனாயிற்று.

அந்த முதற் பந்தயத்தில் 33 வண்டிகள் புறப்பட்டன. 30 வண்டிகள் முடிவுவரை ஓடின. வேகத்தைக் காட்டிலும் விளக்கும் பிரேக்கும் உறுதியும் சோதிக்கப்படல் வேண்டும் என்பதே அமைத்தோரின் கருத்து. அதனாலன்றோ இரவையும் பந்தயத்துக்குள் அடக்கினார்கள்!

ஊர்த்தெருவே பந்தயத் திடல்

வெள்ளிக்கிழமை மாலை நம் கழகத்தார் லெ மானை அடைகின்றனர். சாரதிகள் திறந்த வண்டிகளில் நகர்வலம் வரும் நாள் அதுவே. குழந்தைகள் தோள்மேல் ஏறிநின்று கையசைப்பர். திடலைச் சூழ்ந்த வெளிகளிலெல்லாம் கூடாரங்கள் முளைத்திருக்கும். பந்தயத்தின் நூற்றாண்டு நிறைவு கொண்டாடப்பட்ட 2023ஆம் ஆண்டில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கே கூடினர் என்றால் கூட்டத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

திடல் என்றதும் நாற்புறமும் மதிலெழுப்பிய மைதானத்தை எண்ணிவிடலாகாது. ஒரு சுற்று 13 கிலோமீற்றர் 626 மீற்றர் நீளமுடைய அப்பாதையிற் பெரும்பகுதி ஊர்த்தெருவே. தெற்கே தூர் நகருக்குச் செல்லும் வீதியில் ஆறு கிலோமீற்றரளவு பந்தயப் பாதையாகின்றது. மற்ற நாட்களிற் பாண் வாங்கச் செல்வோரும் பால் வண்டிகளும் செல்லும் அதே வீதியில், 1988ஆம் ஆண்டிலே ஒரு வண்டி மணிக்கு 405 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. அவ்வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொருட்டு, 1990ஆம் ஆண்டில் அந்நேர்வழியின் இரண்டு இடங்களில் வளைவுகளை இட்டனர்.

சனிக்கிழமை பிற்பகலிற் பந்தயம் தொடங்கும். முதல் மணித்தியாலத்தில் ஆரவாரம் வானைப் பிளக்கும். பின்னர் மெல்ல மெல்ல அது ஒரு பேரருவியின் இரைச்சல்போல் ஆகிவிடும். இருள் சூழ்ந்ததும் வண்டிகள் மறைந்து விளக்குகளே ஓடுவனபோல் தோன்றும். கூடாரத்திற் குழந்தைகள் அந்த இரைச்சலே தாலாட்டாக உறங்கிவிடுவர். விடியற்காலையிற் பார்த்தால், முதல்நாள் பளபளத்த வண்டிகள் எண்ணெயும் புழுதியும் படிந்து களைத்த குதிரைகள்போல் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் வருவது யார் என்பதை மறந்து, யார் இன்னும் ஓடுகிறார்கள் என்றே கூட்டம் கேட்கத் தொடங்கும்.

மறக்கலாகாத மாலை

திடலின் பிரதான மேடைக்கு எதிரே நிற்போர், 1955ஆம் ஆண்டு யூன் மாதம் 11ஆம் திகதி மாலையை நினையாமல் இருத்தல் இயலாது. அங்கே பியர் லெவே என்னும் பிரெஞ்சுச் சாரதியின் மெர்சிடிஸ் வண்டி, முன்னே திடீரென விலகிய ஒரு வண்டியின்மேல் ஏறி, வானில் எழுந்து, சிதறுண்டு சனக்கூட்டத்துள் வீழ்ந்தது. லெவேயும் பார்வையாளர் எண்பதுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். பாதைக்கும் மக்களுக்கும் இடையே அன்று இருந்தது ஒரு தாழ்ந்த மண்ணணையே. வேகம் ஆண்டுதோறும் வளர்ந்தது, காவலோ வளரவில்லை.

அவ்வண்டியை லெவேயுடன் மாறி மாறி ஓட்டவிருந்தவர் யோன் பிற்ச் என்னும் அமெரிக்கர். அவரது முறை வருமுன்னரே அவலம் நிகழ்ந்துவிட்டது. அவர் பிற்காலத்தில் வீதிப் பாதுகாப்புக்கே தம் உழைப்பை அளித்தார். மணல் நிரப்பிய பீப்பாய்களை, முன்வரிசையில் மணல் குறைவாகவும் பின்வரிசைகளிற் படிப்படியாக மிகுதியாகவும் அடுக்கி வைத்தால், மோதும் வண்டி மெல்ல மெல்ல வேகமிழந்து நிற்கும் என்பது அவர் கண்ட உபாயம். அமெரிக்கப் பெருவீதிகள் பிரியும் இடங்களில் அவர் பெயராலேயே அவ்வணைகளை இன்றும் காணலாம். தம் நண்பரை இழந்த ஒருவர், முகமறியாத பிறருக்கு உயிர்ப்பிச்சை அளித்துச் சென்றார்.

நடந்து சென்று வென்றவர்

சாரதிகள் பாதையின் ஒருபுறத்தில் நின்று, கொடி அசைந்ததும் மறுபுறம் நிற்கும் தம் வண்டிகளுக்கு ஓடிச் சென்று ஏறுவது இப்பந்தயத்தின் பழைய மரபு. பார்ப்பதற்கு அழகியதே. ஆயினும், அந்த அவசரத்தில் ஆசனப்பட்டியைச் செவ்வையாகப் பூட்டிக்கொள்ள எவருக்குப் பொறுமை இருக்கும்?

1969ஆம் ஆண்டு யூன் 14ஆம் திகதி, பெல்ஜியம் தேசத்து இளைஞர் ஜக்கி இக்ஸ் ஓட மறுத்தார். மற்றெல்லாரும் ஓட, அவர் ஆறுதலாக நடந்தே சென்றார். ஆசனப்பட்டியை நிதானமாகப் பூட்டினார். எல்லாருக்கும் கடைசியாகப் புறப்பட்டார். அன்று முதற் சுற்றிலேயே யோன் வூல்வ் என்னும் ஆங்கிலச் சாரதி விபத்துக்குள்ளாகி உயிர்நீத்தார். இக்ஸோ தம் துணைவர் ஜக்கி ஒலிவருடன் மாறி மாறி ஓட்டி, இருபத்துநான்கு மணித்தியாலத்தின் பின், ஏறக்குறைய 5,000 கிலோமீற்றர் ஓடிய பின், 120 மீற்றரளவு தூரத்தால் முதலிடம் பெற்றார். தொடக்கத்தில் நடந்து இழந்த நேரம் அவர் வெற்றியைத் தடுக்கவில்லை. 1970ஆம் ஆண்டில் அந்த ஓட்டத் தொடக்கம் கைவிடப்பட்டது. சாரதிகள் ஆசனத்திற் பட்டி பூட்டி அமர்ந்த நிலையிலேயே பந்தயம் தொடங்கியது.

கதை இவ்வளவில் முடியவில்லை. பந்தயம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலை, இக்ஸ் தம் வண்டியிற் பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சார்த்திர் நகருக்கு அண்மையில் ஒரு கார் திடீரெனக் குறுக்கிட்டது. அவர் வண்டி வீதியோரத்துக் கம்பத்தில் மோதி நசுங்கியது. அவரோ ஆசனப்பட்டியைக் கழற்றிவிட்டுக் காயமின்றி வெளியே வந்தார். பந்தயத் திடலில் அவர் உலகுக்குக் கற்பித்த பாடம், மறுநாள் ஊர்வீதியில் அவரையே காத்தது!

திரும்பும் வழி

லெ மான் செல்வோர் இக்கதையைத் திரும்பும் வழியில் நினைத்தல் நன்று. ஏனெனில், யாத்திரையின் பேராபத்து திடலில் இல்லை. திரும்பும் வீதியிலேயே உள்ளது. இரண்டு இரவு கூடாரத்தில் அரைத்தூக்கம். செவியில் இன்னும் ஓயாத இரைச்சல். முந்திச் செல்லும் வண்டிகளையே கண்டு பழகிய கண்கள். நாளைக் காலை தொழிலுக்குச் செல்ல வேண்டுமென்ற அவசரம். இவை நான்கும் கூடிய சாரதிக்கு நூறு கிலோமீற்றர் வேகமும் ஊர்தல்போலவே தோன்றும். ஆகவே, அறிவுடைய கழகத்தார் ஞாயிறு மாலை புறப்படமாட்டார்கள். அன்றிரவு நன்றாக உறங்கி, திங்கட்கிழமை காலை தேநீர் அருந்தி, மெதுவான வண்டியை மீண்டும் முன்னவருக்கு அடுத்ததாக நிறுத்தி, ஒவ்வொருவரும் பட்டி பூட்டியதைப் பார்த்த பின்னரே இயந்திரத்தை முடுக்குவர்.

பந்தயங்களால் நமக்கென்ன பயன் என்று கேட்பார் உளர். 1953ஆம் ஆண்டில் லெ மானில் வென்ற ஜகுவார் வண்டிக்கு வட்டத்தகட்டுப் பிரேக் பொருத்தியிருந்தனர். இரண்டாண்டுகளின் பின், 1955இல், சித்ரோவன் நிறுவனத்தின் குடும்பக் காரின் முன்சக்கரங்களில் அவ்வகைப் பிரேக் இடம்பெற்றது. இன்று நம் தெருக்களிற் செல்லும் கார்களிலும் அதைக் காணலாம். நம் நாட்டில் முன்னாசனத்தில் இருப்போர் ஆசனப்பட்டி அணிதல் 2011ஆம் ஆண்டிற் கட்டாயமாக்கப்பட்டது. பொலிசார் நிற்கும் சந்தியில் அணிந்து, சந்தி கடந்ததும் கழற்றுவோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். மணிக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேலும் ஓடத் தெரிந்தவர் பட்டி பூட்டும்வரை பொறுத்திருந்தார். கடைக்குப் போகும் நமக்கு அப்பொறுமை இல்லையெனின், அதை வீரம் என்று சொல்லலாமா?

திங்கட்கிழமை மாலை துறைமுகத்தில் நம் கழகத்தார் மீண்டும் வரிசையாக நிற்கின்றனர். பிள்ளையொருவன் விரல்நீட்டி வண்டிகளை எண்ணுகிறான். ஒன்பதுவரை எண்ணியாயிற்று. கருவிப்பெட்டியுடன் கடைசியில் வருபவரை இன்னும் காணவில்லை. எவரும் கப்பலை நோக்கி நகரவில்லை. சிறிது நேரத்தில், தொலைவில் இரண்டு விளக்குகள் தெரிகின்றன. “பத்து!” என்கிறான் பிள்ளை. அதன்பின்னரே முதல் வண்டி புறப்படுகின்றது.